போகிறவர்

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ஸ்கூட்டி ஓட்டாத பெண்கள் இப்போது குறைவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் சந்தைக்குப் போவதும் எல்லாம் ஸ்கூட்டியில்தான். ஆனால் புருஷனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிந்தவள், எனக்குத் தெரிந்து, என் மனைவி ஒருத்திதான்.

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். கையைத் திருகினால் பாய்கிற சாமான்களில் நம்பிக்கை இல்லை. அவள் அபாயா தைத்து வாங்கிய ஸ்கூட்டி அது. வாங்கிய அன்றே, "ஏறுங்க" என்றாள். ஏறினேன். அதன் பிறகு பதினைந்து வருடத்துக்குக் கிட்ட அப்படியே ஏறிக்கொண்டிருந்தேன். தேநீர்க் கடையடியில் நிற்பவர்கள் விடமாட்டார்கள்.

"மச்சான், இறுக்கிப் புடிச்சுக்கங்க. கிறுகுற வளைவுல உளுந்துருவீங்க."

நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் வேகத்தைக் குறைத்து, நின்று, அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மரியாதையோடேயே திரும்பிச் சொல்லுவாள்: "நான் என்ட புருஷன ஏத்திட்டுப் போறன் காக்கா. நீங்க ஒங்கட பொஞ்சாதிய எப்பயாவது ஏத்திட்டுப் போயிரிக்கீங்களா?" பிறகு அவர்கள் சிரித்து முடிக்கும் முன்பே நாங்கள் அடுத்த சந்திக்குப் போய்விடுவோம்.

ஸ்கூட்டி மட்டுமில்லை. என் வாயும் அவளிடம்தான் இருந்தது. மின்சாரக் கந்தோரில் பில் பற்றிக் கதைப்பது அவள். மகளின் பள்ளிக்கூடத்தில் கதைப்பது அவள். நான் வேலை செய்வது நெல் மில்லில். நெல்லை அவித்து, களத்தில் பரவி, காயக் காயக் கிளறுவது என் வேலை. மில் ஓடுகிற சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அது வாய்ப்பாக இருந்தது.

அவளுக்கு நெஞ்சில் கட்டி வந்தது. கல்முனை, மட்டக்களப்பு, கொழும்பு என்று கொண்டு திரிந்தோம். டாக்டர்களிடமும் அவளேதான் கேள்வி கேட்டாள். கடைசி நாட்களில் அவளுக்குக் குரல் எழும்பாமல் போனபோது, டாக்டர் என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அவள் கட்டிலில் கிடந்தபடி, கை அசைத்து, அவரை விடுங்கள் என்பதுபோல் காட்டினாள். அந்தக் கிழமையே அவள் மௌத்தானாள். அந்தக் கை அசைவுதான் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு பெண்ணுக்குப் புருஷன் மௌத்தானால், வீட்டுக்குள் துக்கம் காக்கிற இத்தா இருக்கிறது. அவளுக்கு ஓர் அறை இருக்கிறது. அழுவதற்கு மாதக் கணக்கில் அவகாசம் இருக்கிறது. வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆணுக்கு அப்படி எதுவும் இல்லை. அவன் அடுத்த கிழமையே வேலைக்குப் போகலாம். கலியாணமும் பேசலாம். அவன் எங்கே இருந்து அழுவது என்று யாரும் இடம் காட்டுவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குத்தான் போவோம். வீடு பெண்ணுக்குக் கொடுப்பது. நானும் கல்முனைக்குடியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவன். மனைவியின் தாய் தகப்பன் இரண்டு பேரும் மௌத்தாகிவிட்டார்கள். ஒரே வளவில் இரண்டு வீடு. ஒன்று எங்களுடையது. மற்றது அவளுடைய மூத்த சகோதரியுடையது. அவரை நான் மதினி என்பேன். மனைவி இருக்கும்வரை அந்த வளவில் நான் எங்கேயும் நடப்பேன். கிணற்றடியில் குளிப்பேன், மதினி வீட்டு வாசலால் குறுக்கே போவேன். அவளுடைய பேரில் கத்தம் ஓதி முடிந்து கதிரைகளையெல்லாம் திருப்பிக் கொடுத்த அன்று பின்னேரம், கிணற்றடிக்குப் போகப் புறப்பட்டவன் பாதியில் நின்றுவிட்டேன். அங்கே மதினியின் பெண் பிள்ளைகள் நின்றார்கள். இது யாருடைய வளவு, நான் இங்கே யார் என்று அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன்.

எங்கள் அறையைப் பூட்டினேன். கட்டிலை வெளி விறாந்தையில் போட்டுக்கொண்டேன். மகள் இரவில் பெரியம்மாவின் வீட்டில் படுக்கத் தொடங்கினாள். பதினைந்து வயதுப் பிள்ளை, தாயில்லாத வீட்டில் தனியே படுக்க மாட்டாள் என்று மதினி சொன்னார். சரிதான் என்றேன். எனக்கு வேண்டிய சோறு மூடி வைத்த கோப்பையில் விறாந்தைக்கு வரும். பாதி தின்பேன். மீதியைப் பூனைக்கு வைப்பேன். உள்ளே ஒரு வீடு முழுதாகச் சும்மா கிடந்தது. ஹோலில் ஸ்கூட்டி ஒரு படுக்கைச் சீலையால் மூடிக் கிடந்தது.

எனக்குக் கூடப்பிறந்த மூத்தவ ஒரேயொரு ராத்தா. கல்முனைக்குடியில் இருக்கிறா. அவ வந்து விறாந்தைக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தா.

"தம்பி, மருதமுனையில ஒரு இடம் இரிக்கி. புருஷன் மௌத்தாகி நாலஞ்சு வரிசம். புள்ளையள் இல்ல. நல்ல மனிசி. தனி ஊடு, டைல்ஸ் போட்டது. நீ போய் இரிக்க வேண்டியதுதான்."

நான் பூனையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"இப்பிடி விறாந்தையில கிடந்து சாகப் போறியா? யோசிச்சுப் பாரு."

அடுத்த மாதமும் வந்தா. அதற்கடுத்த மாதமும் வந்தா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு விருப்பம் இருந்ததா என்பதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. விருப்பம் என்று ஒன்றுமே இல்லை. மில் முடிந்து அசர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போய், தோணிகளின் நிழலில் இருப்பேன். கரைவலை இழுக்கிறவர்கள் ஒரு நாள் ஆள் போதாமல் என்னைக் கூப்பிட்டார்கள். "காக்கா, ஒரு கை புடிங்க." போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மீன் துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது. எல்லாரும் சத்தம் போட்டார்கள். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. கயிற்றை விட்டுவிட்டுப் பழையபடி நிழலுக்கு வந்தேன்.

இப்படியே ஒரு வருடம் போயிருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் களத்தில் வேலை இல்லை. நெல்லைக் கூட்டி அள்ளிப் படங்கால் மூடிவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். மகள் மதினி வீட்டுக் குசினி வாசலில் இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அது டியூசன் நேரம். பள்ளி இறுதியில் வருகிற சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. கல்முனையில் வகுப்பு. தாய் இருக்கும்போது அவள்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை நின்று கூட்டி வருவாள்.

நான் தள்ளி நின்று மதினியைக் கேட்டேன்: "புள்ள டியூசனுக்குப் போகல்லயா?"

"அது நிண்டு எவ்வளவு நாளாயிட்டு மச்சான்."

"ஏன்?"

"ஆரு ஏத்திட்டுப் போற? என்ட மனிசன் கடையப் பூட்டிட்டு வர ஏலா. ஓட்டோவுல தனிய உட எனக்குப் பயம்."

"எனக்கிட்ட ஒண்டும் செல்லல்லியே மதினி."

"ஒங்களுக்கிட்டச் செல்லி என்ன மச்சான் செய்ற? நீங்க போறவர்தானே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஆளிடம், பஸ் வரப்போகிறது என்று சொல்லுவதுபோலச் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது.

"நான் எங்க போற?"

மதினி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஒங்கட ராத்தா வந்து செல்லிட்டுப் போனா. நோன்புப் பெருநாளைக்கிப் புறகு நிக்காஹ் எண்டு. மருதமுனையில ஊட்டுக்குப் பெயின்ட் அடிச்சு முடிஞ்சிட்டாம்."

"நான் ஓம் எண்டு செல்லல்லயே."

"இல்ல எண்டும் செல்லல்லயே. கன்னிப் புள்ளையள்தான் மச்சான் நிக்காஹ்வுக்கு வாய் திறக்காம ஓம் செல்றவங்க. நீங்களும் அப்பிடித்தான் செல்லிட்டீங்க எண்டு நினைச்சம்."

உள்ளேயிருந்து மதினியின் பெண் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனாள்.

விறாந்தையில் வந்திருந்து யோசித்தேன். நான் போகவேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். எனக்குப் போக விருப்பம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். மரியாதைக்குப் பயந்து இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. இடையில் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டது. என் மகள் இத்தனை மாதமாக, தகப்பனும் போகப்போகிறார் என்று தெரிந்துகொண்டே, எனக்குச் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

வாய் திறந்து சொல்லவேண்டும். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் எழும்பிப் போய்ச் சொல்ல முடியவில்லை. என்னால் செய்ய முடிந்தது, ஹோலுக்குள் போய் ஸ்கூட்டியின் சீலையை இழுத்துக் கழற்றியது மட்டும்தான். கண்ணாடியில் தூசி. சீற்றுக்குக் கீழே அவளுடைய மழைக் கோட்டு மடித்தபடி இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, மகள் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன வாப்பா செய்றீங்க?"

"இதப் பழகப் போறன்."

"நீங்களா?"

"ஓம்."

"எதுக்கு?"

"ஒன்ன டியூசனுக்குக் கொண்டு போக."

அவள் என் கையிலிருந்த மழைக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பெருநாளைக்குப் புறகு ஆரு கொண்டு போற?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் மழைக் கோட்டை மடிக்கத் தொடங்கினேன். அவள் போய்விட்டாள்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை எனக்குப் பழக்க வந்தாள். ஜும்ஆவுக்குப் பிறகு மில் மூடியிருக்கும். நெல் பரவாத களம் ஒரு பெரிய விளையாட்டு மைதானம்போல வெறுமையாகக் கிடக்கும். பற்றரியை மாற்றி, பெற்றோல் ஊற்றி, ஸ்கூட்டியை அங்கே உருட்டிக்கொண்டு போனோம். மகளுக்கு ஓட்டத் தெரியும். தாய் வளவுக்குள் பழக்கியிருந்தாள். லைசென்ஸ் எடுக்கிற வயது இன்னும் வரவில்லை. என்னோடு நெல் அவிக்கிற கூட்டாளி ஒருவர், ஆலையடிவேம்பிலிருந்து வருகிற தமிழ் ஆள், அன்று களத்துக்குக் காவல். அவர் சுவரில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"வாப்பா, பைய முறுக்குங்க. பைய. பிரேக்க மறந்திராதீங்க."

பையத்தான் முறுக்கினேன். அது பாய்ந்தது. நான் கத்தினேனா தெரியாது. கைகள் இன்னும் இறுகின. இறுக இறுக அது பறந்தது. களத்தின் மூலையில் படங்கு போடாத நெல் குவியல் ஒன்று இருந்தது. நேரே அதற்குள் போய்ச் சொருகினேன். ஸ்கூட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சேட்டுக்குள், காதுக்குள், வாய்க்குள் எல்லாம் நெல்.

கூட்டாளி ஓடிவந்து எஞ்சினை நிறுத்தினார். நான் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "காக்கா, முதலாளி ஒங்களுக்கு நெல்லு அவிக்கத்தான் சம்பளம் தாறார். உழச் சொல்லி இல்ல."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு தோள் குலுங்கியது. என் மீசையில் ஒட்டியிருந்த நெல்லைக் கையால் காட்டினாள். அவளால் கதைக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்த விதம் தாயின் விதம்தான். முதலில் சத்தமே வராது, பிறகு ஒரேயடியாக வரும். நானும் சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். கூட்டாளியும் சேர்ந்துகொண்டார்.

மகள்தான் முதலில் நிறுத்தினாள். அடுத்து நான். பிடிபட்டவர்களைப் போல இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம். என் மனைவி போனபிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமைகளில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு மையவாடிக்குப் போய், அவளை அடக்கிய இடத்தில் ஓதிவிட்டு வருவது என் வழக்கம். அன்று போகக் கால் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. நான் வெள்ளிக்கிழமைகளுக்குக் காத்திருக்கத் தொடங்கினேன். கிழமை நடுவில் நெல் கிளறும்போதே, வளைவில் எப்போது பிரேக்கைத் தொடவேண்டும் என்று கை தானாகப் பழகிப் பார்க்கும். களத்தில் விழாமல் சுற்றிவரப் பழகினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், லைசென்ஸ் சோதனைக்கு என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெடியன்களோடு போய் உட்கார்ந்தேன். முதல் தடவை வீதிச் சைகைகளைக் குழப்பிப் பெயிலானேன். மகள் சுவரில் படங்களை ஒட்டி, மீன் கழுவிக்கொண்டே கேள்வி கேட்டாள். இரண்டாம் தடவை பாஸ். தனியே வீதிக்கு இறங்கிய முதல் நாள், கடற்கரை வீதியில் ஆளில்லாத இடம் பார்த்துக் கையை நன்றாகத் திருகினேன். சேட்டுக்குள் காற்று புகுந்து முதுகில் ஊதியது. இன்னும் திருகு என்றது உடம்பு. என் உடம்பு என்னிடம் கேட்காமல் சந்தோஷப்பட்டது. அவளுடைய உடம்பு மண்ணுக்குள் கிடக்கிறது, இது காற்று வாங்கி மகிழ்கிறது என்று நினைத்து ஓரமாக நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் ஹான்டிலில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி ஓட்டினேன்.

மகள் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அவள் திருப்பிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நோன்பு பிடித்துவிட்டது. பெருநாள் நெருங்கியது.

ஒரு நாள் அசருக்குப் பிறகு மகளை வகுப்பில் இறக்கிவிட்டு, வழமைபோல வெளியே காத்து நிற்காமல், ஸ்கூட்டியை ராத்தாவின் வீட்டுக்கு விட்டேன். ராத்தா முற்றத்தில் நோன்புக் கஞ்சிப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தா. என்னைப் பார்த்ததும் அகப்பை நின்றது.

"யா அல்லாஹ். பொஞ்சாதிட ஸ்கூட்டியில வாறான் பாரு. ஒனக்கு வேற வாகனம் கிடைக்கல்லயா? மருதமுனைக்காரங்க கண்டா என்ன செல்லுவாங்க?"

ஸ்கூட்டியிலிருந்து இறங்காமலே சொன்னேன். இறங்கினால் வராது என்று தெரியும்.

"ராத்தா, நான் மருதமுனைக்குப் போகல்ல."

"என்னடா செல்றா?"

"நிக்காஹ் வேணா."

"வாக்குக் குடுத்தாச்சேடா!"

"நீதான் குடுத்த."

"நீ வாய மூடிட்டு இரிந்தா நான் என்னெண்டு நினைக்கிற? மூணு தரம் வந்து கேட்டன். இல்ல எண்டு ஒரு சொல்லுச் செல்ல ஒனக்கு வாயில்ல. இப்ப பெருநாள் வாசலுக்கு வந்த புறகு வாய் முளைச்சிட்டோ?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது.

அவ அகப்பையைப் போட்டுவிட்டுக் கிட்ட வந்தா. குரல் இறங்கியது. "டேய் தம்பி, பொஞ்சாதி இல்லாத ஊட்டுல ஆம்புளைக்கு என்ன வேல? அவட ஆக்கள் எத்தின நாளைக்கி ஒன்னப் பாப்பாங்க? சரி, புள்ளைக்கு வாப்பாவா இரிக்கிற எண்டு வை. நாளைக்கி அவளுக்கு மாப்புள வருவான். அது அவன்ட ஊடு. புறகு நீ எங்க படுப்பா?"

நானும் பல நாள் அந்தக் கேள்வியோடுதான் விறாந்தையில் படுத்தேன்.

"தெரியா ராத்தா. அது வரக்குள்ள பாப்பம்."

"வயசு போன காலத்துல ஆருடா ஒனக்கு ஒரு வாய் தண்ணி தாற?" என்று அழத் தொடங்கினா. அழுதுகொண்டே ஒரு பேணியில் கஞ்சியை ஊற்றி மூடி, ஸ்கூட்டியின் கொக்கியில் கொழுவிவிட்டா. "புள்ளைக்குக் குடு. சூடு. மெதுவாப் போ." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டா: "அந்தப் பொம்புளைக்கு நான் என்னத்தப் போய்ச் செல்ற?"

இந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நான் முகம் பார்த்தறியாத ஒரு பெண், எனக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறா. பெருநாளைக்குப் பிறகு ராத்தா மூலமாக அவ சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "முதலே செல்லியிருக்கலாம்." திட்டவில்லை. மருதமுனைப் பக்கம் போகவேண்டி வந்தால் புதுப் பெயின்ட் அடித்த வீடுகளை நான் பார்ப்பதில்லை. என் பிள்ளைக்கு நல்லதாக முடிந்தது இன்னொருவருக்கு அவமானமாக முடிந்தது. அதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்றும் தெரியாது. துஆவில் அவவுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

அன்று ராத்தா வீட்டிலிருந்து கல்முனைக்குத் திரும்பி மகளை ஏற்றிக்கொண்டேன். நோன்பு திறக்க நேரம் கிட்டிவிட்டது. வீதியில் எல்லாரும் வீட்டுக்குப் பறந்தார்கள். ஹோர்ன் சத்தம், பஸ், ஓட்டோ. நான் முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பின்னாலிருந்த மகளின் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. முகம் பாராமல் கதைப்பது எவ்வளவு லேசு என்று அப்போது விளங்கியது.

"மனே, ராத்தாக்கிட்டப் போய்ச் செல்லிட்டன். நான் மருதமுனைக்குப் போகல்ல."

ஒரு சந்தி கடந்தது.

"ஆருக்கிட்டக் கேட்டு?" என்றாள்.

"ஆருக்கிட்டயும் கேக்கல்ல. அது ஒன்ட ஊடு. இப்ப ஒனக்கிட்டக் கேக்கிறன். நான் அங்க இரிக்கட்டா?"

"பஸ் வருது. ஓரமா எடுங்க."

ஓரமாக எடுத்தேன். பஸ் போனது. அடுத்த சந்தியும் போனது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

"இரிக்கிற எண்டா விறாந்தையில படுக்க ஏலா. கேற்றடியில வாற ஆக்கள் எங்கட ஊட்டுக்குக் காவல்காரன் போட்டிரிக்கி எண்டு நினைக்கிறாங்க."

"சரி."

"நானும் பெரியம்மாட ஊட்டுல இனிப் படுக்க மாட்டன். அங்க ஒரு பாயில மூணு பேரு. ஒரே உதை."

"சரி மனே."

"வாப்பா, சிக்னல் போடாமக் கிறுகுறீங்க."

நோன்பு திறந்து, மஃரிப் தொழுது வந்ததும் மதினியிடமும் நானே சொன்னேன். வாசலில் நின்று, குரல் வெளியே வரும்படியாகச் சொன்னேன். அவர் கஞ்சிக் கோப்பையைக் கழுவிக்கொண்டு, திரும்பிப் பாராமல், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, "போய் மச்சான்ட கட்டில ஒரு பக்கம் புடிங்க" என்றார்.

கட்டில் கதவுக்குள் நுழையவில்லை. என் சகலன் ஒரு பக்கம் நிமிர்த்தச் சொன்னார், மதினி சரிக்கச் சொன்னார், மகள் எல்லாரும் பிழை என்றாள். ஒரு காலைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம். அறையில் மனைவியின் உடுப்புகள் கொழுவியபடி இருந்தன. அங்கே படுப்பது விறாந்தையில் படுப்பதைவிட எனக்குப் பொல்லாததாக இருந்தது. அவளை அடக்கிய அன்று வராத அழுகை எல்லாம் அங்கே வந்தது. பக்கத்து அறையில் மகள் இருந்தாள். கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டேன்.

சஹருக்கு, நோன்பு பிடிக்கச் சாப்பிடுகிற விடியற்புறத்தில், மகள் கதவில் தட்டினாள். குசினியில் லைட் எரிந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக மூடிக் கிடந்த எங்கள் அடுப்பில் அவள் சோறு ஆக்கியிருந்தாள். கொஞ்சம் குழைந்துவிட்டது. சோற்றுக்கு ஊற்றப் பாரை மீன் ஆணம். உப்பும் கூடத்தான்.

"எப்பிடி?" என்றாள்.

"உம்மாட மாதிரி இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் பசித்தது. கண் இரண்டும் வீங்கியபடி, பிள்ளைக்கு முன்னால் அப்படிப் பசிக்க வெட்கமாகவும் இருந்தது. கோப்பையை நீட்டினேன். அவள் இன்னொரு அகப்பை போட்டாள்.